ஏற்காட்டைக் கடலுக்குள் கவிழ்த்தால் கிடைக்கும் ஆழத்தில் ஒரு மீன்

கடற்கரையிலிருந்து இருநூறு கிலோமீட்டர் உள்ளே இருந்தாலும் சேலத்துக்காரர்களுக்குச் சுறா புதிய மீன் இல்லை. ராத்திரியில் ஐஸ் பெட்டிகளில் வந்து இறங்கும் கடல் மீன்களோடு பால் சுறாவும் திருக்கையும் வரும். பிள்ளை பெற்ற வீட்டில் பால் சுறா கிடைக்குமா என்று மார்க்கெட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். மஞ்சள் போட்டு வேகவைத்து, சொரசொரப்பான தோலை உரித்து, சதையை உதிர்த்துப் புட்டு கிளறும்போது கையில் முள் குத்தாது. நடுவில் வரும் தண்டைக் கடித்தே மென்றுவிடலாம். அது எலும்பு இல்லை, நம் மூக்கு நுனியில் இருக்கிற குருத்தெலும்பு வகைதான்.

இப்படிக் குருத்தெலும்பால் ஆன மீன்களில் சுறா, திருக்கை தவிர மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. கைமேரா என்று பெயர். பேய்ச்சுறா என்றும் சொல்கிறார்கள். சேலத்துத் தராசில் அது ஏறுவதில்லை. கடலோர ஊர்களிலேயே பலர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவ்வப்போது வாட்ஸ்அப்பில் மட்டும் ஒரு படம் சுற்றும்: நீண்ட கூர்மூக்கு, பெரிய பச்சைக் கண், இறக்கை மாதிரி துடுப்பு, சாட்டை போல இளைத்துப்போன வால். கீழே 'கடலடி அதிசயம்', 'டைனோசர் காலத்து மிருகம்' என்று ஏதாவது எழுதியிருக்கும். அதிசயம் என்று தள்ளி நின்று பார்த்தால் இந்த மீன் புரியாது. அது வாழும் இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டால், அந்த உடம்பில் காரணமில்லாத உறுப்பு அதிகம் இல்லை என்பது தெரியும்.

இடத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். ஆயிரம் மீட்டர் ஆழம் என்றால் சமவெளிக்காரர்களுக்கு ஒரு எண்தான். நமக்கு அருகில் இருக்கும் பெரிய நீர்ப்பரப்பு மேட்டூர் அணை. அது நிரம்பி வழியும் நாளிலேயே கணக்கு 120 அடி, அதாவது நாற்பது மீட்டருக்கும் குறைவு. ஆகவே அணையை விட்டுவிட்டு மலையை எடுத்துக்கொள்வோம். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 278 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,623 மீட்டர். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவுக்கு ஐம்பது மீட்டர் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அடிவாரம்தான் கடலின் மேற்பரப்பு, பஸ் மேலே ஏற ஏற நாம் கடலுக்குள் இறங்குகிறோம் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

நாலாவது வளைவு வருவதற்குள், அதாவது 200 மீட்டருக்குள், செடியும் பாசியும் வாழத் தேவையான வெளிச்சம் தீர்ந்துவிடுகிறது. நாம் சாப்பிடும் வஞ்சிரம், சங்கரா, மத்தி எல்லாம் பெரும்பாலும் இந்த நாலு வளைவுக்குள் பிடிபடுபவைதான். அதற்கு மேல் நீலச் சாம்பலாய் ஒரு மங்கல். இருபதாவது வளைவில், 1,000 மீட்டரில், அந்த மங்கலும் இல்லை. சூரியன் அங்கே எந்தக் காலத்திலும் எட்டிப்பார்த்ததில்லை. மலை ஏறும்போது குளிர்வது போலவே இங்கும் குளிரும், ஆனால் ஏற்காட்டுக் குளிர் மார்கழியோடு சரி. ஆயிரம் மீட்டர் ஆழத்தில் வருடம் முழுக்கத் தண்ணீர் 10 டிகிரிக்கும் கீழேதான்.

அப்புறம் அழுத்தம். மலை ஏறி முடிக்கும்போது காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைகிறது, அதற்கே காது அடைத்துக்கொள்கிறது. கடலிலோ ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு முழு வளிமண்டல அழுத்தம் கூடும். ஒரு வளைவுக்கு ஐந்து, இருபதாவது வளைவில் நூறு. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் நூறு கிலோவுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது.

கைமேராக்களில் பெரும்பாலானவை நாலாவது வளைவைத் தாண்டிய ஆழத்தில் தொடங்கி, இருபதையும் கடந்து, சில இனங்கள் 2,000 மீட்டருக்கும் கீழே வரை வாழ்கின்றன. இதுவரை ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மழுங்கிய மூக்கு, நீண்ட கூர்மூக்கு, கலப்பைக் கொழு போல் வளைந்த மூக்கு என்று மூன்று குடும்பங்கள். கலப்பை மூக்குக்காரர்கள் முட்டையிடக் கரைப்பக்கம் வருவதுண்டு. மற்றவர்களில் பெரும்பாலோருக்குக் கண்டத்தின் விளிம்பிலிருந்து கடலடி சரிந்து இறங்கும் சரிவுதான் ஊர்.

நம் பக்கத்துக் கடலிலும் இருக்கிறது. 1960களில் இந்திய-நார்வே கூட்டுத் திட்டத்தின் 'வருணா' கப்பல் மேற்குக் கரையின் சரிவில் வலை இழுத்தபோது கைமேராக்கள் அகப்பட்டன. நியோஹாரியோட்டா பின்னாட்டா என்ற நீள்மூக்கு இனம் கேரளக் கரைக்கு அப்பால் இன்றும் ஆழ்கடல் இறால் வலைகளில் சிக்குகிறது. கரும்பழுப்பு நிறம், ஒரு மீட்டருக்கு மேல் நீளம். 1890களிலேயே 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற ஆய்வுக் கப்பலில் போன ஆல்ஃபிரட் ஆல்காக், திருவிதாங்கூர்க் கரைக்கு அப்பால் ஆழத்தில் பிடித்த மின் திருக்கை ஒன்றை 1898ல் விவரித்தார். பார்வை கிட்டத்தட்ட இல்லாத மீன் அது. அரபிக் கடலின் அந்தச் சரிவு குருத்தெலும்பு மீன்களுக்கு நல்ல இடம் என்பது அப்போதிருந்தே தெரிந்த விஷயம்.

இனி உடம்புக்கு வருவோம். நூறு மடங்கு அழுத்தத்தில் மீன் ஏன் நசுங்கவில்லை என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. மேட்டூர்க் கட்லாவையோ ரோகுவையோ வெட்டும்போது உள்ளே வெள்ளையாக ஊதிய ஒரு பை வருமே, அது காற்றுப் பை. மீன் மூழ்காமல் மிதக்க அது உதவுகிறது. அழுத்தம் நசுக்குவது இப்படிப்பட்ட காற்றைத்தான். தண்ணீரும் சதையும் அவ்வளவு சுலபமாகச் சுருங்காது. குருத்தெலும்பு மீன்கள் எதற்குமே காற்றுப் பை கிடையாது. கைமேரா மிதப்பது ஈரலால். உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய ஈரல், அது நிறைய எண்ணெய். எண்ணெய் தண்ணீரைவிட லேசு, எவ்வளவு அழுத்தினாலும் பெரிதாகச் சுருங்குவதும் இல்லை. இந்த ஈரல்தான் பின்னால் இந்த இனங்களுக்கே வினையாக வந்து நிற்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அழுத்தத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு, சமையல்கட்டில் தெரிகிற பக்கம். பழசாகிப்போன சுறாவை வாங்கிவந்து வெட்டினால் மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி வரும், தெரியுமல்லவா? அது அம்மோனியா. கடல் தண்ணீரின் உப்பு உடம்பிலிருந்து நீரை இழுத்துவிடாமல் இருக்க, சுறாவும் திருக்கையும் கைமேராவும் சதையிலேயே யூரியாவைச் சேர்த்து வைத்திருக்கின்றன. மீன் செத்தபின் பாக்டீரியா அந்த யூரியாவை அம்மோனியாவாக உடைக்கிறது. கடலூரிலோ நாகையிலோ ஏற்றிய பெட்டி நம் ஊர் வந்து சேர்வதற்குள் ஐஸ் குறைந்துவிட்டால் நெடி காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் யூரியாவுக்கு ஒரு கெட்ட குணம், புரதங்களின் வடிவத்தைக் கலைத்துவிடும். அதற்கு மாற்றாக டி.எம்.ஏ.ஓ. என்ற இன்னொரு பொருளையும் இந்த மீன்கள் வைத்திருக்கின்றன. அது புரதத்தைக் கலையாமல் பிடித்துக்கொள்ளும். நல்லவேளையாக, அழுத்தம் செய்யும் கெடுதலையும் அதுவே தடுக்கிறது. சுறாக்களில் ஆழம் கூடக் கூட யூரியா குறைந்து டி.எம்.ஏ.ஓ. ஏறுகிறது என்று அளந்திருக்கிறார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் இந்த இடமாற்றத்துக்கு வழியில்லை. கடலின் சராசரி ஆழம் 3,700 மீட்டருக்கு அருகில் இருந்தும் 3,000 மீட்டருக்குக் கீழே குருத்தெலும்பு மீன்களைக் காண்பதே அபூர்வம். அதற்கு இது ஒரு காரணம் என்கிறார்கள். அங்கே கிடைக்கும் சொற்பத் தீனியில் அவ்வளவு எண்ணெயை ஈரலில் சேர்க்க முடியாது என்பது இன்னொரு விளக்கம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தீனி என்றதும் மூக்கு. இருட்டில் இரை எப்படிக் கிடைக்கும்? மேலே வாழ்ந்து செத்தவற்றின் துணுக்குகள் மெல்ல மெல்லக் கீழே உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அதை நம்பிச் சேற்றில் புழுவும் சிப்பியும் நண்டும் வாழ்கின்றன. அவற்றை நம்பிக் கைமேரா. ஓடி ஒளியும் இரை குறைவு, புதைந்து கிடக்கும் இரை அதிகம். அதனால் வேகம் தேவையில்லை, தேடத் தெரிந்தால் போதும். உயிருள்ள எந்த உடம்பிலும் தசை அசையும்போது, மூச்சு விடும்போது மிகச் சிறிய மின்புலம் உண்டாகிறது. கைமேராவின் மூக்கிலும் முகத்திலும் பசை நிறைந்த நுண்துளைகள் ஏராளம். அவை அந்த மின்புலத்தை உணர்கின்றன. லோரென்சினி என்ற இத்தாலியர் 1678லேயே மின் திருக்கையில் இந்தத் துளைகளை விவரித்தார், ஆனால் அவற்றின் வேலை புரியக் கிட்டத்தட்ட முந்நூறு வருஷம் ஆனது. சுறாக்களில் சோதித்தபோது, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான புலத்தைக்கூட அவை கண்டுகொண்டன. மூக்கு நீளமாக இருந்தால் இந்தத் துளைகளுக்கு இடம் அதிகம், சேற்றுக்கு மேலே துழாவும் அகலமும் கூடும். படத்தைப் பார்த்து நாம் சிரிக்கும் அந்த மூக்கு, வாசனைக்கு என்பதைவிட மின்சாரத்துக்கு.

தலையில் கோடு கோடாக, தையல் போட்டது போலத் தெரிபவை தண்ணீரின் அசைவை உணரும் பள்ளங்கள். மற்ற மீன்களில் அது தோலுக்கடியில் ஓடும் குழாய், கைமேராவில் பல இடங்களில் திறந்தே கிடக்கிறது. கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் அடுக்கு இருக்கிறது. படத்தில் பச்சையாக மின்னுவது அதுதான். மங்கலான வெளிச்சத்தை விழித்திரை இரண்டாவது முறை பயன்படுத்திக்கொள்ள அது வழி செய்கிறது.

இரை கிடைத்தாயிற்று, சாப்பிட வேண்டும். சுறாவுக்கு உதிர்ந்து உதிர்ந்து முளைக்கும் கூர்ப்பற்கள். கைமேராவுக்கு மேலே இரண்டு ஜோடி, கீழே ஒரு ஜோடி என்று பல் தகடுகள் மட்டுமே. விழுவதில்லை, தேயத் தேய வளரும். மேல்தாடை மண்டையோட்டோடு ஒட்டிப்போயிருப்பதால் சிப்பியையும் நண்டையும் நசுக்கப் பலமான பிடி. இதில் எனக்குப் பிடித்த விஷயம், அதற்கு இரைப்பையே கிடையாது. தொண்டை நேராகக் குடலில் போய்ச் சேர்கிறது. அமிலம் சுரக்கவும் புரதத்தை உடைக்கவும் வேண்டிய மரபணுக்களையே அந்த வம்சம் தொலைத்துவிட்டது. உள்ளே போவது ஏற்கெனவே பொடியாகிவிட்டது, குடல் சுருள் சுருளாக இருப்பதால் மீதியை அது பார்த்துக்கொள்கிறது.

நீந்துவதும் சுறாவைப் போல வாலை வீசி இல்லை. நெஞ்சுத் துடுப்புகளைப் பறவை சிறகடிப்பது போல அடித்து, தரையை ஒட்டி மெல்ல நகர்கிறது. சுறாவுக்குப் பக்கத்துக்கு ஐந்து முதல் ஏழு செவுள் பிளவுகள் வெளியே தெரியும். இதற்கு ஒரு மடல் மூடி, ஒரே ஒரு திறப்பு. தோல் வழுவழுப்பு, உரிக்கச் சிரமமே இருக்காது! முதுகுத் துடுப்பின் முன்னால் ஒரு நீண்ட முள் நிமிர்ந்து நிற்கும், அதில் விஷம் உண்டு. ஆளைக் கொல்லாது, ஆனால் வலையிலிருந்து எடுப்பவர் கையில் ஏறினால் நன்றாக வலிக்கும்.

ஆண் கைமேராவின் நெற்றியில் இருப்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். இரண்டு கண்களுக்கும் நடுவே, மடித்து வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு சிறு தண்டு, அதன் நுனியில் வரிசையாகக் கொக்கிகள். சேரும்போது பெண்ணின் துடுப்பைப் பற்றிக்கொள்ள அது. இந்தக் கொக்கிகள் சுறாத் தோலின் சொரசொரப்பைப் போன்ற செதில்கள் என்றுதான் பலகாலம் நினைத்துவந்தார்கள். 2025ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வட பசிபிக் இனம் ஒன்றை வளர்ச்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் பார்த்தபோது, அவை நிஜமான பற்கள் என்று தெரிந்தது. வாய்க்குள் பல் முளைக்கக் காரணமான அதே திசு நெற்றியிலும் உருவாகிறது. பல் என்றால் வாய்க்குள்தான் என்ற பாடத்தை ஒரு மீன் நெற்றியில் அடித்துத் திருத்தியிருக்கிறது.

பெண் ஒரு நேரத்தில் இரண்டு முட்டை இடும். தோல் போன்ற உறைக்குள் பொதிந்த பெரிய முட்டைகள், சேற்றில் அப்படியே விடப்படுகின்றன. குஞ்சு வெளியே வர ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை ஆகும். 2022 பிப்ரவரியில் நியூசிலாந்து ஆய்வாளர்கள், 1.2 கிலோமீட்டர் ஆழத்தில் வலை இழுத்தபோது அப்போதுதான் பொரித்த ஒரு குஞ்சு கிடைத்ததாக அறிவித்தார்கள். வயிறு நிறைய மஞ்சள் கரு, தோல் கண்ணாடி மாதிரி. பெரிய மீனைவிடக் குஞ்சு கிடைப்பது மிக அபூர்வம் என்பதால் அது உலகச் செய்தி ஆனது. அதே கடலில் வாழும் நீள்மூக்கு இனம் ஒன்று தனி இனம் என்று 2024ல்தான் தெரியவந்தது. அதைக் கண்டறிந்த பிரிட் ஃபினூச்சி, தன் பாட்டியின் நினைவாக ஹாரியோட்டா அவியா என்று பெயர் வைத்தார். அதன் மூக்கு மட்டுமே உடம்பு நீளத்தில் பாதி.

வயதைக் கணிப்பதுதான் கஷ்டம். மரத்துக்கு வளையம் எண்ணுவதைப் போலச் சுறாவுக்கு முதுகெலும்பில் எண்ணுவார்கள். கைமேராவுக்கு அப்படி வளையம் விழுவதில்லை, முதுகு முள்ளை அறுத்துத்தான் பார்க்க வேண்டும். வடகிழக்கு அட்லாண்டிக்கில் வாழும், 1758லேயே லின்னேயஸ் பெயர் வைத்த இனத்துக்கு 30 வயது வரை இப்படி எண்ணியிருக்கிறார்கள்.

'டைனோசர் காலம்' என்ற வாட்ஸ்அப் வாக்கியம் உண்மையில் குறைத்துச் சொல்கிறது. கைமேராக்களின் வம்சம் சுறா, திருக்கை வம்சத்திலிருந்து பிரிந்து ஏறத்தாழ 40 கோடி வருஷம் ஆகிறது. டைனோசர்கள் வந்தது அதற்கு வெகுகாலம் பின்னால். 2014ல் சிங்கப்பூரைச் சேர்ந்த பைரப்பா வெங்கடேஷ் தலைமையிலான குழு, ஆஸ்திரேலியக் கடலில் வாழும் கலப்பை மூக்கு இனத்தின் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்து வெளியிட்டது. அதுவரை படித்த முதுகெலும்பிகளிலேயே மிக மெதுவாக மாறிவரும் தொகுதி அதுதான். குருத்தெலும்பை எலும்பாக மாற்றத் தேவையான ஒரு மரபணுக் குடும்பம் அதில் இல்லை என்பதும் தெரிந்தது. நமக்கு எலும்பு எப்படி வந்தது என்ற கேள்விக்கு இந்த மீனிடம் பாதி பதில் இருக்கிறது.

ஊர்ப்பக்கம் ஒரு பேச்சு உண்டு: ஏற்காடு ஒருகாலத்தில் கடலுக்கடியில் இருந்தது, தோண்டினால் மீன் எலும்பு கிடைக்கும் என்று. கிடைக்காது. சேர்வராயன் மலை சார்னோகைட் பாறை. பூமியின் மேலோட்டில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவாகி, 250 கோடி வருஷப் பழமையோடு மேலே வந்து நிற்பது. மீன் என்ற உயிரே இல்லாத காலத்துப் பாறை அது. கடலின் தடயம் வேண்டுமென்றால் பஸ் ஏறி அரியலூர் பக்கம் போக வேண்டும். அங்கே, காரை கிராமத்தைச் சுற்றிய செம்மண் ஓடைக்காடுகளில், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலக் கடலின் படிவுகளில் சுறாப் பற்கள் கிடைத்திருக்கின்றன. குருத்தெலும்பு மக்கிப்போகும், பல்தான் மிஞ்சும். கைமேராவின் பழைய வரலாற்றையும் உலகெங்கும் பெரும்பாலும் பல் தகடுகளையும் துடுப்பு முட்களையும் வைத்தே எழுதுகிறார்கள்.

சரி, ஈரல் விஷயம். இரண்டாம் உலகப் போரில் காட் மீன் எண்ணெய் வருவது தடைப்பட்டபோது, அன்றைய சென்னை மாகாண அரசு கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெய் எடுக்க ஆரம்பித்தது. தேவைப்பட்டது வைட்டமின் ஏ. செயற்கை வைட்டமின் வந்தபின் அந்தத் தேவை படுத்துவிட்டது. இப்போது கிராக்கி ஸ்குவாலீனுக்கு. ஆழ்கடல் சுறாக்களின் ஈரலில் நிறைய இருக்கும் இது அழகுசாதனங்களுக்கும் சில தடுப்பூசிகளுக்கும் போகிறது. குறி வைப்பது ஆழ்கடல் சுறாக்களை என்றாலும், சரிவில் வலை இழுத்தால் கைமேராவும் சேர்ந்தே வரும். 2024 மார்ச்சில் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, ஆழ்கடல் சுறா, திருக்கை, கைமேரா இனங்களில் ஏழில் ஒன்று அழிவின் விளிம்பை நோக்கிப் போகிறது என்று கணக்கிட்டது. காரணம் மீன்பிடிப்பு, குறிப்பாக எண்ணெய்க்கும் இறைச்சிக்குமானது. மத்தி போல ஒரே வருஷத்தில் முட்டை போட்டு ஈடுகட்டும் மீன் இல்லை இவை. குளிரில், குறைந்த தீனியில், மெதுவாக வளர்ந்து, பல வருஷம் கழித்து இரண்டிரண்டாக முட்டையிடுகிற வாழ்க்கை.

ஐரோப்பிய ஒன்றியம் 2016ல் 800 மீட்டருக்குக் கீழே அடிவலை இழுப்பதைத் தடை செய்தது. உலகம் முழுவதும் அந்தக் கோட்டைப் போட்டால் என்ன என்று மேலே சொன்ன ஆய்வும் கேட்கிறது. நல்ல யோசனைதான், ஆனால் நம் கடலுக்கு அது மட்டும் போதாது. நம் மலைப்பாதைக் கணக்கில் 800 மீட்டர் என்பது பதினாறாவது வளைவு. கேரளக் கரைக்கு அப்பால் பிடிபடும் நீள்மூக்குக் கைமேராவோ பெரும்பாலும் அந்த வளைவு வருவதற்கு முன்பே, அதாவது 800 மீட்டரைவிடக் குறைந்த ஆழத்திலேயே, ஆழ்கடல் இறால் இருக்கும் அதே இடத்தில் வாழ்கிறது. ஆகவே இங்கே பேச வேண்டியது இறால் வலையைப் பற்றி: எந்த மாதங்களில், சரிவின் எந்தப் பகுதியில் அதை இழுக்காமல் விடலாம் என்பதைப் பற்றி. அதை முடிவு செய்ய, துறைமுகத்தில் வந்து கொட்டும் குவியலில் கைமேராவை 'இதர மீன்' என்று ஒதுக்காமல் இனம், ஆண், பெண், நீளம் என்று பிரித்து எழுதியிருக்க வேண்டும். கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் இறங்குதளங்களில் சுறாவுக்கும் திருக்கைக்கும் இனவாரியாகக் கணக்கெடுக்கிறது. அதே கவனம் இந்த மூன்றாவது கூட்டத்துக்கும் வருஷம் தவறாமல் கிடைத்தால், வலை எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு ஊகத்தில் இல்லாமல் எண்ணில் பதில் சொல்லலாம்.